பிகட், ஜார்ஜ் (1719–1777)

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருமுறை இருந்தவர். எதிரியிடமிருந்து தாம் காத்த கோட்டையில் தம் ஆலோசனை மன்றத்தினராலேயே கவிழ்க்கப்பட்டு, காவலில் இறந்தார்.

1737இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்த பிகட் 1755இல் ஆளுநரானார். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கருப்பர் நகரத்தில், அதாவது முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பகுதியில், புகுந்து கொள்ளையடித்தது. இன்று ராயபுரத்துக்குப் போகும் கடலோரப் பக்கத்திலிருந்துதான் கோட்டையைப் பீரங்கிகள் தாக்கின. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தென்பட்டதும் முற்றுகை கலைந்தது. 1761இல் புதுச்சேரி விழுந்தபோது, அதைக் கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் படைச் செலவுக்குப் பணம் கிடையாது என்று தளபதிகளிடமே மல்லுக்கு நின்று வாங்கினார். 1763இல் ஊர் திரும்பியபோது கையில் பெரும் செல்வம். அவர் பெயரிலேயே ஒரு வைரம் புகழ்பெற்றது. கம்பெனிச் சம்பளத்தில் வைரம் சேராது. 1766இல் பிரபுப் பட்டமும் வந்தது.

அவரை வீழ்த்தியது தஞ்சாவூர். 1773இல் கம்பெனிப் படை அதைப் பிடித்து ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கொடுத்திருந்தது. மன்னர் துளஜாவிடம் திருப்பித் தரும்படி லண்டன் இயக்குநர்கள் 1775இல் பிகட்டை மீண்டும் அனுப்பினர். 1776 ஏப்ரலில் நேரில் போய் மன்னரை அமர்த்தினார். ஆனால் நவாப் கழுத்தளவு கடனில் இருந்தார். கடன் கொடுத்தவர்களில் கம்பெனி அதிகாரிகளே பலர். பால் பென்ஃபீல்டு என்பவர் தஞ்சை வருவாய்மீது இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் உரிமை கோரினார். வயலில் நின்ற பயிரையும் விட்டுவைக்கவில்லை.

மன்றத்தில் பெரும்பான்மையினர் பிகட்டுக்கு எதிராகத் திரும்ப, அவர் இருவரை இடைநீக்கம் செய்தார். பிடிவாதம் புதுச்சேரியில் பலித்தது, இங்கே பலிக்கவில்லை. ஆகஸ்ட் 24 அன்று அவரோடு உணவருந்திய கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மாலையில் அவர் வண்டியிலேயே கூடச் சென்று, அந்தப் பெரும்பான்மையினரின் ஆணைப்படி வழியில் அவரைச் சிறைப்படுத்தினார். சீசர் கொல்லப்படுவதற்கு முந்தின இரவு அவரோடு விருந்துண்ட டெசிமஸ் புரூட்டஸ்தான் மறுநாள் அவரைச் செனட்டுக்குச் செல்ல இணங்க வைத்தான். ரோமாபுரிக் கதை அப்படியே.

பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்ட பிகட் 1777 மே 11 அன்று இறந்தார். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தும் லண்டன் ஆணை அதற்குப் பிறகே வந்து சேர்ந்தது. உடல் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானது. மன்றத்தினர் நால்வருக்கு லண்டனில் தலா 1,000 பவுன் அபராதம். ஸ்டூவர்ட் ராணுவ விசாரணையில் விடுதலை. பென்ஃபீல்டு 1780இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார்.