குறிஞ்சியில் வாழும் பளியர்

திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோருக்குச் சிறுமலையும் பழனிமலைத் தொடரும் நாள்தோறும் கண்ணிற்படும் காட்சிகள். குறிஞ்சித் திணையைப் பாடாத கவிஞர் இவ்வட்டாரத்தில் அரியர். ஆயினும் அத்திணையின் உரிப்பொருளும் கருப்பொருளும் ஏட்டில் பயிலப்படும் அளவிற்கு, அந்நிலத்தில் வழிவழியாக வாழும் பளியரின் வாழ்வு அறியப்படவில்லை. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இவர்களுடைய பெயரின் வேறுபட்ட எழுத்து வடிவங்களே தனித்தனி இனங்கள்போல் இடம்பெற்றிருப்பது இவ்வறியாமைக்கு ஒரு சான்று.

கிழங்கு அகழ்தலும் தேனெடுத்தலும் சிறுவேட்டையும் பளியரின் பழைய வாழ்முறை. தேனும் மெழுகும் காட்டுப் பொருள்களும் இவர்கள் கையிலிருந்தே சமவெளிக்கு இறங்கின. ஆகவே, இவர்களை உலகத் தொடர்பற்ற கற்கால எச்சமாகக் கருதுவது பிழை. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்பிற்குள் கொணர்ந்தது. தலைமுறை தலைமுறையாக நடந்த பாதையில் அனுமதி பெற்று நடக்கும் நிலை உருவாயிற்று. மலைத் தோட்டங்கள் பெருகியபின் பலர் கூலி வேலையை நாடினர்.

இவர்களைப் பற்றிய விரிவான எழுத்துப் பதிவுகளுள் முந்தையவற்றில் ஒன்று, இயேசு சபைத் துறவி டாமென் 1908இல் வெளியிட்ட கட்டுரை. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலும் அதனை எடுத்தாண்டது. பளியர் வணங்கிய மாயாண்டி என்னும் தெய்வத்தை அப்பதிவு குறிக்கிறது. தெய்வத்தின் அடையாளம், இயற்கையே விந்தை வடிவம் தந்த ஒரு கல். பாம்பின் உருவம் கொண்ட கல்லுக்குச் சிறப்பு மிகுதி. அது சிற்பி செதுக்கியதன்று. மனிதக் கண் தேர்ந்துகொண்டது. கல்லே தெய்வமன்று என்னும் தெளிவும் அவர்களிடம் இருந்தது. மெய்யியலார் நீண்ட வாதங்களால் நிறுவ முயலும் ஒரு கருத்தை அவர்கள் இயல்பாகவே கொண்டிருந்தனர்.

1962 முதல் 1964 வரை பளியரிடையே தங்கி ஆய்ந்தவர் அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்ட்னர். சாமி வந்து இறங்கியவர் வாயிலாக நோய்க்குத் தீர்வு கேட்கும் வழக்கத்தை அவர் பதிவு செய்தார். அவர் பெரிதும் வியந்தது அவர்களுடைய ஒழுகலாற்றையே. ஒருவர் மற்றொருவரைத் தாழ்த்தலாகாது; போட்டி தகாது; ஆணும் பெண்ணும் நிகர். பூசல் எழுந்தால் அடித்துத் தீர்ப்பதினும் விலகிச் செல்வதே முறை. ஆணையிடும் தலைவன் என்று ஒருவரும் இல்லை.

மெக்சிகோ நாட்டு மலைகளில் வாழும் உய்சோல் மக்கள் தம்மை விக்சாரிகா என்பர். தேன்மெழுகு பூசிய பலகையில் வண்ண நூல்களைப் பதித்து அவர்கள் ஆக்கும் ஓவியங்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. விரிகூட்டா என்னும் புனித நிலத்திற்கு அவர்கள் செல்லும் யாத்திரை வழி 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பளியரும் மெழுகை அறிந்தவரே. ஆயின் சுவரில் மாட்டத்தக்க ஓவியமாக அவர்தம் மரபு திரளவில்லை. மரியாதை வழுவாத நடத்தையும், வனத்தின் நுண்ணறிவும், குறைவான சொற்களுமே அவர்தம் கலை. காட்சிப்பொருள் இன்மையால் அக்கலை மதிப்புப் பெறாது போயிற்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின்மீது பழங்குடியினர்க்குள்ள உரிமையை ஏற்றது. சொல்லின்மீது அவர்க்குள்ள உரிமையை ஏற்பது இலக்கிய உலகின் கடன். பளியர் பேசுவதும் தமிழின் ஒரு வழக்கே. கொடிக்கும் கிழங்கிற்கும் தேனீக்கும் அவர்கள் வழங்கும் பெயர்கள், அவற்றை அறிந்த முதியோருடன் மறையுமாயின், இழப்பு பளியர்க்கு மட்டுமன்று, தமிழுக்கும் உரியது. அவர்கள் இசைவோடு, அவர்கள் பெயராலேயே அச்சொற்கள் தொகுக்கப்படல் வேண்டும். குறிஞ்சியைப் பாடும் கவிஞர்க்கு மலையேற இதனினும் நற்காரணம் வேண்டுவதில்லை.