மட்டக்களப்பு வாவியும் பொதுநேரமும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும் ஞாயிற்றின் செலவாற் பெயர் பெற்றவை. கீழ்க்கரை எழுவான்கரை, மேல்கரை படுவான்கரை. ஒரே ஞாயிற்றைக் கண்டு பொழுதறிந்த இக்கரைகள் பத்தாண்டுக் காலம் இருவேறு மணிக்கணக்கில் வாழ்ந்தன. அவ்வரலாறு ஆராயத்தக்கது.

பாசறையிற் பொழுதைக் கணித்து அரசனுக்கு உரைத்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிலே காண்கின்றோம். ஒரு வட்டிலின் அளவைப் பலரும் ஏற்றுக்கொள்வதே காலப் பங்கீட்டின் அடிப்படையாகும். ஞாயிறு ஒரு பாகை கடக்க 4 நிமிடம் செல்லும். ஆதலால், கொழும்பின் உச்சியை அடைவதற்கு ஏறத்தாழ 7 நிமிடம் முன்னரே அது மட்டக்களப்பின் உச்சியைக் கடந்துவிடும். தந்தியும் புகைவண்டியும் பரவியபின், ஊருக்கோர் நேரம் என்னும் வழக்கம் ஒவ்வாதாயிற்று. 1906 இல், கிரீனிச்சு நேரத்துக்கு 5½ மணி முற்பட்ட நேரம் இலங்கைக்குப் பொதுவாயிற்று. 1924 இல் இலண்டன் வானொலி மணிக்குறியை ஒலிபரப்பத் தொடங்கிற்று. பின்னர், வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவதற்கு வானொலியே எங்கும் துணையாயிற்று.

போர்க்காலத்தில், 1942 இல், இலங்கை நேரம் இருமுறை அரைமணியாக முன்தள்ளப்பட்டது. 1945 இல் பழைய நிலைக்கு மீண்டது. 1996 மே மாதத்தில், மின்தட்டுப்பாடு காரணமாக அரசு அதனை ஒருமணி முன்தள்ளிற்று. ஒக்டோபரில் அரைமணி குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலோ பழைய நேரமே நிலைத்தது. படுவான்கரையின் பெரும்பகுதி அவற்றுள் அடங்கும். எனவே எழுவான்கரையில் ஒன்பது மணியாகும்போது ஆங்கு எட்டரை. வாவியைக் கடப்பவர் ஒன்றேகால் நாழிகையையும் கடந்தனர். 2006 ஏப்ரலில் அரசு மீண்டும் பழைய நேரத்தையே ஏற்றது.

அக்காலத்து எக்கரைக் கடிகாரமும் பழுதானதன்று, வேறுபட்டது மூலமே. இன்றைய வானொலிப் பொறியியலிலும் இதுவே நெறி. செய்மதிகளின் அணுக்கடிகாரங்களைப் பின்பற்றும் ஓர் ஏற்பி, நொடிக்கொரு துடிப்பையும் நொடிக்கு ஒரு கோடி அதிர்வுடைய அலையையும் தரும். பங்கீட்டுக் கருவி அவற்றைப் பல வானொலிகளுக்குப் பகிர்ந்தளிக்கும். வடத்தில் மீற்றருக்கு ஏறத்தாழ 5 நனோசெக்கன் தாமதம் உண்டு. ஆகவே வடங்களைச் சமநீளமாக அமைப்பர். நொடியில் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தொலைவுக் கணிப்பில் 300 மீற்றர் வழுவும். வெவ்வேறு மூலங்களோடு இணைத்தால், நுண்ணிய கருவிகளும் தம்முள் ஒவ்வா.

கருவிகளை வடத்தால் இணைக்கலாம். மக்களையோ இசைவே இணைக்கும். மண்முனைத் துறைக்கு 2014 இல் பாலம் அமைந்தது. இன்று இருகரைக்கும் நேரம் ஒன்றே. ஆயினும் 1996 முதல் 2006 வரையான கடிதங்களையும் சாட்சியங்களையும் ஆராயும் மாணவர், ஆங்குக் குறித்த மணி எக்கரை மணி என்பதை முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாவை மறந்தால், ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இருவருள் ஒருவரைப் பொய்யர் என்று நாம் கொள்ள நேரும்.