ஒரு மணி நேரம் ஆச்சா?

1

லைஃப் கோச் பயிற்சியில் சேர்ந்த நான்காவது மாதம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். நாம் நடத்திய ஒரு உரையாடலை, எதிரில் இருப்பவரின் சம்மதத்தோடு பதிவு செய்ய வேண்டும். பிறகு அதை ஒரு வார்த்தை விடாமல் எழுத்தில் கொண்டுவர வேண்டும். எங்கே நாம் பேசினோம், எங்கே அவர் பேசினார், எங்கே யாருமே பேசவில்லை, எல்லாவற்றையும். ஒரு சனிக்கிழமை காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் குரலை நானே கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. 43ஆவது நிமிடத்தில் நிறுத்தினேன். அன்று அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அந்த நிமிடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஏன் இதில் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 12 வருடங்களாக சாஃப்ட்வேர் வேலை. டீம் லீட் ஆன பிறகு கோடை ரிவ்யூ செய்வது போலவே மனிதர்களையும் ரிவ்யூ செய்துகொண்டிருந்தேன். வேலையை விட்டுப் போன ஒரு ஜூனியர் என்னைப் பற்றிச் சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கே வந்தது. "அவர்கிட்ட பிரச்சனையைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சொல்யூஷன் வந்துரும். கேக்கவே மாட்டார்."

அந்தக் குத்தல்தான் ஒரு ஆன்லைன் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் ஃபீஸ். முதல் நாள் முதல் விதி: அறிவுரை சொல்லக் கூடாது. கேள்வி மட்டும்தான் கேட்கலாம். இது எவ்வளவு கொடுமையான விதி என்று தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், சாம்பார் வருவதற்குள் நம் கேரியருக்கு வழி சொல்லிவிடும் ஊர் இது.

யார் போட்டது இந்த விதி? தேடிப் போனேன். அந்தக் கதைதான் இது.

2

கோச் என்ற சொல்லுக்கு நம்மிடம் மூன்று அர்த்தங்கள் உண்டு. ரயில் பெட்டி, கிரிக்கெட் டீமின் பயிற்சியாளர், அப்புறம் நம் இளமையைத் தின்ற கோச்சிங் சென்டர். மூன்றும் ஒரே வண்டியில் வந்தவை. ஹங்கேரியில் கோச் என்று ஒரு ஊர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின. ஊர்ப் பெயரே வண்டியின் பெயரானது. 1830கள் வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரை சேர்த்த தனி ஆசிரியரைக் கிண்டலாக 'கோச்' என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்ற அர்த்தத்தில்.

கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் வாங்குபவருக்கு 'சீனியர் ராங்லர்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் ரௌத் என்ற ஒரே கோச் 25-க்கும் மேற்பட்ட சீனியர் ராங்லர்களை உருவாக்கினார். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நம்மை டேபிள் போட வைத்த அதே ரௌத்-ஹர்விட்ஸ் ரௌத்.

ஆக, இந்தச் சொல் பிறந்தபோது கோச் என்பவர் எல்லாம் தெரிந்தவர். எதிரில் இருப்பவர் தெரியாதவர். அடுத்த நூற்றாண்டில் இது தலைகீழானது.

3

தலைகீழாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ல் ரோஜர்ஸ். அமெரிக்க உளவியலாளர். 1928இல் இருந்து 12 வருடம் ராச்செஸ்டர் நகரில், கஷ்டத்தில் இருந்த குழந்தைகளோடும் பெற்றோரோடும் வேலை பார்த்தார். நிபுணர் சொல்லும் தீர்வு பல சமயம் வேலைக்கு ஆகவில்லை என்பதை அங்கேதான் கண்டார். எங்கே வலிக்கிறது என்று வந்தவருக்குத்தான் தெரியும், அவரையே பேச விட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வந்தவரை 'நோயாளி' என்று சொல்லாமல் 'கிளையன்ட்' என்றார். இதற்குப் பின்னால் ஒரு அதிகாரச் சண்டையும் இருந்தது. ராச்செஸ்டரில் அவர் நடத்திய மையத்துக்கு ஒரு மனநல மருத்துவர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று எதிர்ப்பு கிளம்பியது. அடுத்தவரின் மனதைக் கேட்கும் உரிமை டாக்டர் பட்டம் வைத்திருப்பவருக்கு மட்டும்தானா என்பதுதான் கேள்வி. ரோஜர்ஸ் ஜெயித்தார்.

1940இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அவர் செய்த காரியம்தான் என்னை அந்தச் சனிக்கிழமை ஹெட்போனோடு உட்கார வைத்தது. ஆலோசனை அறைக்குள் ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். ஒரு இசைத்தட்டில் சில நிமிடங்கள்தான் பதியும். அதனால் இரண்டு மெஷின்களை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். 1942இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு கிளையன்ட்டோடு நடந்த எட்டுச் சந்திப்புகளும் சொல்லுக்குச் சொல் அச்சாகின. அதுவரை ஆலோசகர் ஞாபகத்தில் இருந்து எழுதும் குறிப்புதான் சாட்சி. ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் எழுதும். தட்டு அப்படிச் செய்யாது. மாணவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே கேட்டு, எங்கே குறுக்கே புகுந்தோம், எங்கே வாயை அடைத்தோம் என்று பார்த்தார்கள். கேட்பதை இப்படித்தான் ஒரு பாடமாக்க முடிந்தது.

1957இல் எழுதிய ஒரு கட்டுரையில் ரோஜர்ஸ், கேட்பவரிடம் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டார். சுருக்கமாக மூன்று. எதிரில் இருப்பவரை அவர் இடத்தில் இருந்து புரிந்துகொள்வது. நிபந்தனை இல்லாமல் மதிப்பது. மூன்றாவது, வேஷம் போடாமல் இருப்பது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று கூடாது.

இந்த மூன்றாவதைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையிலேயே ஒரு பரிசோதனை உண்டு. எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட 'எலைசா' புரோகிராம், ரோஜர்ஸ் பாணி ஆலோசகரைப் போலப் பேசியது. நாம் சொன்னதையே கொஞ்சம் மாற்றிக் கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். ஏன் ரோஜர்ஸ் பாணி? உலகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் பேச்சை நகர்த்த இதைவிட நல்ல பாணி இல்லை என்று வைசன்பாமே விளக்கினார். அவர் அதை எழுதியதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செக்ரெட்டரி, அதோடு சில வரிகள் டைப் செய்ததும், கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரையே கேட்டாராம். வைசன்பாம் அரண்டுபோனார். 1976இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

4

இரண்டாவது வேர் டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. டிமதி கால்வே ஹார்வர்டு டென்னிஸ் அணியின் கேப்டனாக இருந்தவர். 70களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார். இந்தியாவில் இருந்து அமெரிக்கா போன குரு மகராஜ்ஜியின் தியானத்தைப் பின்பற்றியவர். 'மணிக்கட்டை மடக்கு, முட்டியை வளை' என்று கத்தக் கத்த மாணவர்களின் ஆட்டம் இறுகுவதைப் பார்த்தார். அதனால் திருத்துவதை நிறுத்தினார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொன்னால் போதும் என்றார். கவனம் பந்தில் போனதும் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. 1974இல் வந்த அவருடைய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' புத்தகத்தை டென்னிஸ் ஆடாதவர்களும் வாங்கினார்கள். கம்பெனிகள் அவரைக் கூப்பிட்டன.

அவரிடம் கற்று இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஜான் விட்மோர். 60களில் கார் ரேஸ் வீரர். 1992இல் வந்த அவருடைய 'கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்' தான் இன்றைக்கும் இந்தத் தொழிலின் பாடப்புத்தகம். அதில் ஒரு கதை வருகிறது. டென்னிஸ் வகுப்புக்குக் கோச் பத்தாமல், பனிச்சறுக்குக் கோச்சுகளுக்கு டென்னிஸ் உடை மாட்டி அனுப்பினார்களாம். டென்னிஸே தெரியாதவர்கள். மாணவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்களாம். தப்பு எது என்றே தெரியாததால் அவர்கள் குறை சொல்லவில்லை, மாணவர் என்ன கவனித்தார் என்று மட்டும் கேட்டார்கள்.

கோட் எழுதுபவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பக் பிடிபடாதபோது மேஜையில் இருக்கும் ரப்பர் வாத்திடம் கோடை வரி வரியாக விளக்கச் சொல்லும் வழக்கம் எங்களிடம் உண்டு. பாதி விளக்கும்போதே தப்பு கண்ணில் பட்டுவிடும். வாத்துக்கு ஜாவா தெரிய வேண்டியதில்லை.

5

ரோஜர்ஸின் காதும் கால்வேயின் மைதானமும் சேர்ந்தால் ஒரு நல்ல பழக்கம் கிடைக்கும். தொழில் கிடைக்காது. அதற்கு ஒரு வியாபாரி வேண்டும்.

வெர்னர் எர்ஹார்ட் கார் விற்றவர், என்சைக்ளோபீடியா விற்றவர். 1971இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் 'எஸ்ட்' என்ற பயிற்சியைத் தொடங்கினார். இரண்டு வார இறுதிகள், ஹோட்டல் ஹாலில் சுமார் 250 பேர், நினைத்தபோது பாத்ரூம்கூடப் போக முடியாத கெடுபிடி. 1984இல் நிறுத்தும்வரை பல லட்சம் பேர் முடித்தார்கள். முடித்தவர்கள் அடுத்தவர்களை அழைத்து வந்தார்கள்.

அந்த நிறுவனத்தில் பட்ஜெட் பார்த்தவர் தாமஸ் லெனர்டு. பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில் நிதி ஆலோசகரானார். வந்தவர்களுக்குப் பணம் இருந்தது, நோய் இல்லை. இனி வாழ்க்கையை என்ன செய்வது என்பதுதான் அவர்களின் கேள்வி. லெனர்டு அதற்கு வகுப்பு எடுத்தார். 1992இல் 'கோச் யு' பள்ளியைத் தொடங்கினார். பாடம் முழுக்க டெலிஃபோன் கான்ஃபரன்ஸில். கட்டடம் வேண்டாம், எந்த ஊரில் இருந்தும் சேரலாம். லெனர்டின் வகுப்புக்கு வந்திருந்த கணக்காளர் லாரா விட்வொர்த், அதே 1992இல் வேறு இருவரோடு சேர்ந்து இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். 1995இல் லெனர்டு சர்வதேச கோச் கூட்டமைப்பை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க மதிக்கப்படும் சான்றிதழ் அவர்களுடையதுதான். லெனர்டு 2003இல் 47 வயதில் இறந்துபோனார்.

பட்ஜெட் பார்த்தவரும் கணக்காளரும் வளர்த்த தொழில் என்பதாலோ என்னவோ, இதில் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. முதல் நிலைச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர கோச்சிங் அனுபவம். அடுத்ததற்கு 125, 500. உச்சிக்கு 200, 2500. அந்த 100 மணி நேரத்தில் 75 கட்டணம் வாங்கியதாக இருக்க வேண்டும். தொகை எவ்வளவு என்ற வரம்பு இல்லை, பண்டமாற்றாகவும் இருக்கலாம்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் லைஃப் கோச் ஆக எந்த அரசாங்க லைசென்ஸும் தேவையில்லை. இன்று இரவு நீங்களும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். அந்தச் சந்தையில் இந்த மணிக்கணக்குதான் ஒரே வேலி. கட்டணத்துக்கும் அர்த்தம் உண்டு. காசு கொடுத்தவர், 'நாம இவரோட நேரத்தை வீணடிக்கிறோமோ' என்று தயங்காமல் பேசுவார். ரோஜர்ஸ் டாக்டர்களிடம் இருந்து பிடுங்கிய உரிமை இப்படி எல்லோருக்கும் கிடைத்தது. கூடவே ஒரு மீட்டரும் வந்தது.

6

என் எக்செல் ஷீட்டில் 61 மணி நேரம் இருந்தது. பலரும் நண்பர்கள். அதில் ஒருவன் என்னோடு காலேஜ் ஹாஸ்டலில் இருந்தவன். சம்மதம் கேட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றான். கட்டணம் என்ற கட்டத்தில் 'ஃபில்டர் காபி' என்று எழுதினேன். மூன்று அமர்வுகள், மேனேஜர் ஆவதா வேண்டாமா என்று பேசினோம். நன்றாகப் போனது. அவனே கண்டுபிடித்தான், அவனே முடிவெடுத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான்காவது அமர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைக்கு இரண்டு வயது. ரெக்கார்டிங்கில் 43ஆவது நிமிடத்தில் அவன் கேட்கிறான்:

"மச்சான், நீ என் எடத்துல இருந்தா என்னடா பண்ணுவ?"

நான் சொல்கிறேன்: "உனக்கு என்ன தோணுது?"

ஒன்பது விநாடி அமைதி. அப்புறம் அவன் குரல்.

"ஒரு மணி நேரம் ஆச்சா?"

டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்த என் மென்டர் அந்த இடத்தில் பச்சை அடித்திருந்தார். அறிவுரைக்கான அழைப்பை நன்றாகத் தவிர்த்திருக்கிறீர்கள், அமைதியைத் தாங்கியிருக்கிறீர்கள். விதிப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒன்பது விநாடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு என்ன பதில் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கோச் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. எலைசாவும் அதே வாக்கியத்தைத்தான் திருப்பிப் போட்டிருக்கும்.

60 மணி நேரத்தில் முதல் இரண்டையும் ஓரளவு கற்றுக்கொள்ளலாம். இடைமறிக்காமல் இருக்க, தீர்ப்பு சொல்லாமல் இருக்க, நல்ல கேள்வி கேட்க நிஜமாகவே கற்றுக்கொண்டேன். என் டீமில் இருப்பவர்கள் இப்போது வாக்கியத்தை முடிக்கிறார்கள். அதற்காக அந்த ஃபீஸ் தகும். மூன்றாவதுக்கு ஷீட்டில் கட்டம் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அவனைக் கூப்பிட்டேன். ரெக்கார்டர் இல்லை. அதற்குள் ஒரு சின்ன கம்பெனியில், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தான். அன்றைக்கு நான் நினைத்ததைச் சொன்னேன்: ஆறு மாதச் சேமிப்பு இருந்தால் நல்ல வேலைக்குக் காத்திருப்பேன், கிடைத்ததை உடனே எடுக்க மாட்டேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லடா."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கலாம்."

அன்று இரவு ஷீட்டைத் திறந்து அவன் பெயர் இருந்த நான்கு வரிகளையும் அழித்தேன். இப்போது 57.