பதினைந்தடி அறையில் பன்னிரண்டு வருஷம்: நியூயார்க் 291-இன் கதை

நவீன ஓவியம் அமெரிக்காவுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலான புத்தகங்கள் 1913-ஆம் வருஷத்து ஆர்மரி கண்காட்சியைத்தான் காட்டும். ராணுவப் படைக்கூடம் ஒன்றில் சுமார் 1,300 படைப்புகள், வாசலில் கூட்டம், பத்திரிகைகளில் கேலிச்சித்திரம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் திருவிழாவுக்கு முன்னாலேயே அதே ஊரில் ரொதானும் மத்தீஸும் செஸானும் பிக்காசோவும் வந்து போய்விட்டார்கள். வந்த இடம் அரண்மனையும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. ஐந்தாவது அவென்யூவில் 291-ஆம் எண் கட்டடத்தின் மாடியில் இருந்த சின்னச் சின்ன அறைகள். பெரிய அறையே பக்கத்துக்கு ஏறக்குறைய பதினைந்தடி. நம்மூர் நடுத்தர வீட்டுக் கூடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பு அந்த அறைகளைப் பற்றியது. சின்ன கேலரி ஒன்று உண்மையில் என்ன சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வாதத்துக்காகத் திறந்த கடை

நடத்தியவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1864-இல் ஹோபோகன் நகரில் பிறந்தவர், பெர்லினில் படித்தவர். வாழ்நாள் பூராவும் அவருக்கு ஒரே வழக்குத்தான்: புகைப்படமும் ஒரு கலை, ஓவியத்துக்குக் கீழே அதைக் கைகட்டி நிற்க வைக்காதீர்கள் என்பது. அதற்காக 1902-இல் ‘ஃபோட்டோ செஸஷன்’ என்று ஒரு குழு, 1903-இல் ‘கேமரா வொர்க்’ என்று ஒரு பத்திரிகை. மாடி அறைகளை வாடகைக்கு எடுக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது எட்வர்ட் ஸ்டைகன் என்ற இளம் புகைப்படக்காரர். அவருடைய ஸ்டூடியோ அதே இடத்தில்தான் இருந்தது. 1905 நவம்பரில் திறந்தார்கள். அப்போது பெயர் ‘ஃபோட்டோ செஸஷனின் சிறு காட்சிக்கூடங்கள்’. நாளாவட்டத்தில் எல்லோர் வாயிலும் வெறும் ‘291’ ஆகிவிட்டது.

அந்தக் காலத்துக் கண்காட்சி என்றால் தரையிலிருந்து கூரை வரை சட்டங்களை நெருக்கி மாட்டுவதுதான் வழக்கம். இங்கே சுவரில் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் சாக்குத் துணி, நடுவில் ஒரு பெரிய உலோகப் பாத்திரம், படங்கள் இடைவெளி விட்டு ஒரே வரிசையில். இன்று எந்த கேலரிக்குப் போனாலும் இதையே பார்க்கிறோம், அதனால் புதுமை தெரியாது. அன்றைக்கு அது புதுமை.

முதல் ஒரு வருஷத்துக்கு மேல் புகைப்படங்கள் மட்டுமே. 1907 ஜனவரியில் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்ணின் சித்திரங்களை மாட்டியபோது புகைப்படம் அல்லாதது முதல்முறையாக உள்ளே வந்தது. (டாரட் சீட்டு என்றால் இன்றைக்குப் பலர் மனசில் வரும் படங்கள் இவர் பிறகு வரைந்தவைதான்.) அடுத்த வருஷம் ஸ்டைகன் பாரிஸிலிருந்து ரொதானின் வரைவுகளை அனுப்பினார். சிற்பி ரொதானை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே மூச்சில் கோடிழுத்த நிர்வாண உருவங்களை அமெரிக்கா பார்த்ததில்லை. 1908 ஏப்ரலில் மத்தீஸ், அமெரிக்காவில் முதல்முறை.

புகைப்படத்துக்காக வாதாட வந்த ஆள் ஏன் ஓவியத்தை மாட்ட வேண்டும்? குழுவில் இருந்த புகைப்படக்காரர்களே இதைக் கேட்டார்கள், சிலர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினார்கள். ஸ்டீக்லிட்ஸின் கணக்கு வேறு. காட்சியை அப்படியே பிடிக்கும் வேலையை கேமரா எடுத்துக்கொண்ட பிறகு ஓவியத்துக்கு என்ன வேலை மிச்சம்? அதற்கு ஐரோப்பாவில் பதில் தேடுகிறவர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால்தான் இரண்டின் எல்லையும் தெரியும். இதை அவர் கடைசிவரை விடவில்லை. 1913-இல் ஊர் முழுக்க ஆர்மரி கண்காட்சிக்கு ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், 291-இல் அவர் மாட்டியது தன்னுடைய சொந்தப் புகைப்படங்களை. அங்கே புது ஓவியத்தைப் பாருங்கள், இங்கே கேமரா என்ன செய்கிறது என்று பாருங்கள் என்பதுதான் அர்த்தம்.

வாடகை என்ற வில்லன்

1908-இலேயே கதை முடிந்திருக்க வேண்டியது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். நீண்டகால ஒப்பந்தமும் கேட்டார். ஸ்டீக்லிட்ஸ் காலி செய்துவிட்டார். அப்போது காப்பாற்றியவர் பால் ஹாவிலண்ட். லிமோஜ் பீங்கான் வியாபாரக் குடும்பத்துப் பையன். ரொதான் வரைவுகளைப் பார்க்க வந்து, சிலவற்றை வாங்கி, அந்த இடத்தின் மேல் ஆசை வைத்தவர். எதிர்ப்பக்கத்து அறையை மூன்று வருஷத்துக்குத் தன் பெயரில் ஒப்பந்தம் போட்டார். அந்த அறை இருந்தது 293-ஆம் எண் கட்டடத்தில். ஆனாலும் பெயர் 291 என்றே நின்றது. ஆக, வரலாற்றில் பதிந்த பல கண்காட்சிகள் நடந்தது 291-ஆம் எண்ணிலேயே இல்லை!

இதை ஒரு துணுக்குச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலைக்காக உயிரையே கொடுத்த தனிமனிதன் என்று ஸ்டீக்லிட்ஸைப் பற்றி ஒரு பிம்பம் உண்டு. அதை வளர்த்ததில் அவருக்கே பெரிய பங்கு. ஆனால் அந்தத் தியாகத்துக்குப் பின்னால் மனைவி எமலைனின் மதுவடி ஆலைக் குடும்பத்துச் சொத்து இருந்தது, அப்பாவின் பணம் இருந்தது, ஹாவிலண்ட் மாதிரி ஆட்கள் இருந்தார்கள். விற்காத கடையை யாரோ ஒருவர் சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

விற்கவில்லை என்றால் எவ்வளவு விற்கவில்லை? 1911 வசந்தத்தில் பிக்காசோவின் 83 வரைவுகளும் நீர்வண்ணங்களும் காட்சிக்கு வந்தன. அமெரிக்காவில் பிக்காசோவின் முதல் தனிக்காட்சி. விற்றது ஒன்றோ இரண்டோ. அதில் ஒன்றை வாங்கியவர் ஸ்டீக்லிட்ஸ்தான். அது 1910-இல் கரிக்கோலால் வரைந்த ஒரு நிற்கும் பெண் உருவம். கோடுகளைப் பார்த்து, கட்டடத்துக்கு வெளியே தொங்கும் இரும்பு அவசரப்படி மாதிரி இருக்கிறது என்று விமர்சகர்கள் சிரித்தார்கள். மொத்தத்தையும் 2,000 டாலருக்கு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கேட்டுப் பார்த்ததாகவும், அவர்கள் மறுத்துவிட்டதாகவும் ஸ்டீக்லிட்ஸ் பிற்காலத்தில் சொல்வார்.

அடுத்த வருஷம் இன்னும் துணிச்சல். 1912 ஏப்ரலில் குழந்தைகள் வரைந்த படங்களை அதே சுவரில் மாட்டினார். இரண்டு வயதிலிருந்து பதினோரு வயது வரையுள்ள குழந்தைகள். ‘இதை என் பிள்ளைகூட வரையும்’ என்று மத்தீஸைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு, சரி, பிள்ளை வரைந்ததைத்தான் பாருங்களேன் என்று பதில் சொன்ன மாதிரி.

குளவிக்கூடும் காவல் தெய்வமும்

1914 மார்ச்சில் பிரான்குசி. அந்தச் சிற்பிக்கு உலகிலேயே முதல் தனிக்காட்சி அதுதான். அதே வருஷம் நவம்பரில் ஆப்பிரிக்க மரச் சிற்பங்கள். மெக்சிகோவிலிருந்து வந்த கேலிச்சித்திரக்காரர் மாரியுஸ் டி ஸயாஸ் பாரிஸிலிருந்து ஏற்பாடு செய்தார். ஸ்டைகன் மஞ்சள், ஆரஞ்சு, கறுப்புக் காகிதங்களைச் சுவரில் ஒட்டிப் பின்னணி அமைத்தார். இனவியல் பொருளாக இல்லாமல் கலையாகவே ஆப்பிரிக்கச் சிற்பங்களைக் காட்டும் முதல் கண்காட்சி என்று சொல்லிக்கொண்டார்கள்.

தலைப்பைப் பாருங்கள்: ‘ஆப்பிரிக்கக் காட்டுமிராண்டிகளின் மரச் சிற்பங்கள்: நவீனக் கலையின் வேர்’. ஒரே வரியில் தூக்கிவைப்பதும் மிதிப்பதும்.

சில வாரங்கள் கழித்து பிக்காசோ, பிராக் படங்களோடு காபோன் பகுதியின் கோட்டா உருவம் ஒன்றையும் ஒரு குளவிக்கூட்டையும் சேர்த்து வைத்தார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் இருக்கிறது, அழகான அடுக்கு. ஆனால் அந்தக் கோட்டா உருவம் என்ன? முன்னோர்களின் எலும்புகள் வைத்த கூடையின் மேல் காவலுக்கு நிற்கிற உருவம். கூடை இல்லை, எலும்பு இல்லை, வழிபட்டவர்கள் இல்லை. காவல் தெய்வம் குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் ‘வடிவம்’ ஆகிவிட்டது. கருவறையில் பட்டுடுத்தி, பூச்சூடி, உலா போன செப்புத்திருமேனி கண்ணாடிப் பெட்டிக்குள் தனியே நிற்பதைப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

இந்த இடத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர் கதைக்குள் வருகிறார்: ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் சர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்தவர். பொன்னம்பலம் ராமநாதன், அருணாசலம் சகோதரர்களுக்கு மாமன் மகன். 1917-இல், அதாவது 291 மூடிய அதே வருஷம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராகப் போய்ச் சேர்ந்தார். கலைப்பொருளை அதன் பயனிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிய்த்து, வெறும் ரசனைக்காகக் காட்சிக்கு வைப்பது பெரிய தப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியவர். 291-இன் ஆப்பிரிக்க அறைக்கு அவருடைய எழுத்தைவிடக் கடுமையான விமர்சனம் இருக்க முடியாது. ஆனா, அதே மனிதர்தான் 1924-இல் ஸ்டீக்லிட்ஸிடமிருந்து 27 புகைப்படங்களை நன்கொடையாகப் பெற்று பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்தார். பெரிய அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று புகைப்படத்தைக் கலையென்று ஏற்றுக்கொண்ட முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. குமாரசுவாமியும் கேமரா பிடித்தவர்தான். ஸ்டீக்லிட்ஸ் இருபது வருஷமாக நடத்திய வழக்குக்குச் சாதகமான தீர்ப்பு ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து வாரிசின் கையால் வந்தது.

லிஃப்ட்காரரின் சாட்சி

1914 முடியும்போது போர் தொடங்கிவிட்டது. சுற்றி இருந்தவர்களுக்குள்ளேயே பேதம். டி ஸயாஸும் ஆக்னஸ் மேயரும், விற்றால்தானே கலைஞன் சாப்பிட முடியும் என்று சொல்லி 1915-இல் ‘மாடர்ன் கேலரி’ என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள். நியாயமான கேள்விதான். ஸ்டீக்லிட்ஸ் விற்பனையை இழுக்காக நினைத்தவர். ஆனால் அவர் வளர்த்த மாரின், ஹார்ட்லி, டவ் போன்ற ஓவியர்களுக்கும் வயிறு உண்டே.

இதற்கு நடுவில் ‘கேமரா வொர்க்’ பத்திரிகையின் 47-ஆவது இதழை ஒரே கேள்விக்கு ஒதுக்கினார்: 291 என்றால் உங்களுக்கு என்ன? அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். பெரும்பாலும் புகழ்ச்சி. ஆரம்பத்திலிருந்து கூட இருந்த ஸ்டைகன் மட்டும், இந்த இடம் தேங்கிப்போய்விட்டது என்ற தொனியில் எழுதினார். ஸ்டீக்லிட்ஸ் அதையும் அச்சில் போட்டார்.

அந்த இதழில் எழுதியவர்களில் ஒருவர் ஹாட்ஜ் கிர்னன். மேற்கிந்தியத் தீவான மான்ட்சராட்டிலிருந்து வந்த கறுப்பின இளைஞர். வேலை: அந்தக் கட்டடத்தின் குட்டி லிஃப்டை இயக்குவது. ஓவியர்கள், விமர்சகர்கள், பணக்காரச் சீமாட்டிகள் எல்லோரையும் மேலே ஏற்றி இறக்கியவர். யோசித்துப் பாருங்கள், விமர்சகர் ஒரு தடவை வந்துவிட்டு எழுதப் போய்விடுவார். கிர்னன் வருஷக்கணக்காக அங்கேயே இருந்தார். தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லாத, துணிந்தவனைத் தடுக்காத ஒரு சுதந்திரத்தை அங்கே கண்டதாக அவர் எழுதினார். ‘காட்டுமிராண்டி’ என்று அழைப்பிதழில் அச்சடித்த அதே இடத்தைப் பற்றி ஒரு கறுப்பின இளைஞர் கொடுத்த சாட்சி இது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது. கிர்னன் பிறகு ஹார்லெமில் எழுத்தாளராகவும் ‘தி ப்ரமோட்டர்’ என்ற இதழின் ஆசிரியராகவும் ஆனார்.

மூடுவிழா

1916 தொடக்கத்தில் ஒரு தோழி ஜார்ஜியா ஓ’கீஃபின் கரிக்கோல் சித்திரங்களை ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுவந்து காட்டினார். அவர் அசந்துபோய், வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே மே மாதம் மாட்டிவிட்டார். ஓ’கீஃப் சண்டைக்குப் போனார். படங்கள் சுவரிலேயே இருந்தன. 1917 ஏப்ரல் தொடக்கத்தில் அவருடைய தனிக்காட்சி திறந்தது. அந்த வாரமே, ஏப்ரல் 6-இல், அமெரிக்கா போரில் இறங்கியது. 291-இன் கடைசிக் கண்காட்சி அது. அந்த ஏப்ரலில்தான் துஷாம்பின் ‘நீரூற்று’, அதாவது அந்தப் பெயர்போன பீங்கான் சிறுநீர்க்கோப்பை, 291-இல் ஸ்டீக்லிட்ஸின் கேமரா முன் வந்து நின்றது. அசல் தொலைந்துபோனது, அந்தப் புகைப்படம்தான் மிச்சம். ‘கேமரா வொர்க்’ சந்தாதாரர்கள் ஒரு காலத்தில் ஆயிரத்தை ஒட்டி இருந்தார்கள். அப்போது நாற்பதுக்கும் கீழே. பத்திரிகையும் நின்றது.

பன்னிரண்டு வருஷக் கணக்கைப் போட்டால் கையில் என்ன? காசு இல்லை. கட்டடம் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. ஆர்மரி கண்காட்சி ஒரே நாளில் ஆயிரம் படங்களைக் கண்ணில் கொட்டியது. 291 ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் காட்டி, நாலு பேரை நிற்கவைத்து, பேசவைத்து, அடுத்த மாதமும் வரவைத்தது. திருவிழாக் கூட்டம் கலைந்துவிடும். திண்ணைக்கு வருகிறவர்கள் திரும்பவும் வருவார்கள்.

1946-இல் ஸ்டீக்லிட்ஸ் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பை ஓ’கீஃப் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ‘அவசரப்படி’ என்று சிரித்தார்களே, அந்த பிக்காசோ 1949-இல் போய்ச் சேர்ந்தது மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு. சும்மா கிடைத்தது. அதே 1949-இல் இன்னொரு பங்கு, 101 படைப்புகள், நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களுக்காக 1866-இல் தொடங்கிய கறுப்பின மக்களின் கல்வி நிலையம் அது. பின்னாளில் அங்கேயும் பணமுடை வந்தது. நீண்ட நீதிமன்ற வழக்குக்குப் பிறகு, 2012-இல் 3 கோடி டாலருக்குப் பாதி உரிமையை ஆர்கன்சாஸில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அங்கே என்று அந்தப் படங்கள் இன்றும் பயணப்பட்டுக்கொண்டிருக்கின்றன. வாடகைப் பிரச்சினை 1908-இல் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை.