அதானி வெளியேறியும் மன்னாரில் போராட்டம் ஓயாதது ஏன்?

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இந்தக் கரையில் வேறொரு நாடு காலூன்றுவதைப் புது டில்லி விரும்பாததற்கு அந்த அண்மையே காரணம். 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் மின் திட்டம் அமைக்கச் சீன நிறுவனமொன்றுக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியபோது இந்தியா எதிர்த்தது. ஆண்டிறுதியில் அந்த நிறுவனம் பின்வாங்கியது. 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய நன்கொடையாக மாறியது. இடையில், 2021 டிசெம்பரில், சீனத் தூதுவர் தலைமன்னாருக்கு வந்து இராமர் பாலத்தின் மணல் திட்டுகளைப் படகில் சென்று பார்த்தார். அது வெறும் சுற்றுலாவாக எவருக்கும் தெரியவில்லை.

அதே 2022இல்தான் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் கேள்விமனு கோரப்படாமலே அதானி குழுமத்தின் பக்கம் சென்றது. ஜூனில் மின்சார சபைத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, இந்தியப் பிரதமர் மோடி அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தம்மிடம் கூறியதாக நாடாளுமன்றத்தின் கோப் குழுவில் தெரிவித்தார். ஜனாதிபதி அதை மறுத்தார். பெர்டினாண்டோ தமது கூற்றை மீளப்பெற்று, சில நாட்களில் பதவி விலகினார். 484 மெகாவாட் கொண்ட அத்திட்டத்தின் மின்சாரத்தை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்க 2024 மேயில் அமைச்சரவை இணங்கியது. புதிய அரசாங்கம் விலையைக் குறைக்க முற்பட்டதும், 2025 பெப்ரவரியில் அதானி விலகியது.

இதை இந்தியாவுக்கான பின்னடைவு என்றே பலரும் எழுதினார்கள். மன்னார் மக்களின் கணக்கு வேறு. தீவின் தென்கரையில் ஏற்கனவே நிற்கும் 30 காற்றாலைகள் இந்தியாவினதுமல்ல, சீனாவினதுமல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபை அமைத்த 103.5 மெகாவாட் 'தம்பபவனி' அது. அதற்குப் பிறகுதான் ஊருக்குள் மழைவெள்ளம் வடியாமல் தேங்குகிறது, கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது என்கிறார்கள் ஊரவர்கள். தாழ்வான மணல் தீவில் வெள்ளம் போக வழியில்லாவிட்டால் வீட்டுக்குள்தான் நிற்கும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்துவரும் வலசைப் பறவைகளின் பாதையும் இதுவே. அருகிலுள்ள வங்காலை சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம்.

ஆகவே உள்நாட்டு நிறுவனங்கள் 20, 50 மெகாவாட் திட்டங்களுடன் வந்தபோதும் எதிர்ப்பு மாறவில்லை. 2025 ஆகஸ்டில் உதிரிப்பாகங்கள் ஏற்றிவந்த வாகனங்களை மக்கள் மறித்தார்கள். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் இடைநிறுத்தினார். செப்டெம்பர் 26 இரவு பொலிஸ் பாதுகாப்புடன் அவை தீவுக்குள் கொண்டுசெல்லப்பட்டபோது மோதல் மூண்டு பலர் காயமடைந்தார்கள். கனிய மணல் அகழ்வை நிறுத்துவதும் போராட்டத்தின் கோரிக்கைதான். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய தமிழர்களும், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு மீண்டுவந்த முஸ்லிம்களும் வாழும் தீவு இது. காணி என்றதும் இங்கே எழும் அச்சத்தைக் கொழும்பின் கோப்புகளில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது இரு நாட்டு மின் வலையமைப்புகளை இணைக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. முன்மொழியப்பட்ட அந்தப் பாதையும் மன்னார் ஊடாகத்தான். இன்று தீவில் பிறக்கும் மின்சாரம் நடுக்குடா துணை மின்நிலையத்திலிருந்து வவுனியா, அனுராதபுரம் வழியாகத் தேசிய வலையமைப்புக்குச் செல்கிறது.