யுசிஎல்ஏ ப்ரூயின்ஸ் சாஃப்ட்பால் அணி

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுசிஎல்ஏ) பெண்கள் அணி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் சாஃப்ட்பால் பட்டத்தை 2025 வரை 12 முறை வென்றிருக்கிறது. வேறெந்த அணியும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 'டைட்டில் 9' சட்டம் 1972இல் வந்தது. அதன் பிறகே பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிகள் பணம் ஒதுக்கத் தொடங்கின. 1975இல் ஷாரன் பேக்கஸ் இங்கே பயிற்சியாளரானார். 1978இல் முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. 1982இல் என்சிஏஏ முதன்முறையாக நடத்திய சாஃப்ட்பால் இறுதி ஆட்டத்தில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அணியை 2-0 என வென்றது. 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் இந்த அணியிடமே இருந்தது. பேக்கஸுக்குப் பின் சூ என்க்விஸ்ட், 2007 முதல் கெல்லி இனோயே பெரெஸ். இருவரும் இதே அணியில் ஆடியவர்கள்.

அணியின் வரலாற்றில் அழியாத கறை 1995. அந்த ஆண்டு வென்ற பட்டத்தை என்சிஏஏ பின்னர் ரத்து செய்தது. கால்பந்துக்கான கல்வி உதவித்தொகையைச் சாஃப்ட்பால் வீராங்கனைகளுக்குக் கொடுத்து, அனுமதித்த அளவை மீறியதே காரணம். அத்தகைய மீறலுக்குத் தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்பது விதியைப் பார்த்தாலே விளங்கும். பிற்காலத்தில்கூட ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகைகளே உச்சவரம்பாக இருந்தன. அவற்றை இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்குக் கால்பங்கு, சிலருக்கு ஒன்றுமில்லை. மீதிக் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழுந்தது. விதியை மீறியது தவறுதான். ஆனால் தேசிய அளவில் ஆடும் பெண்ணைக் கால்பங்கு உதவியோடு நிறுத்திய விதியும் நியாயமானதல்ல.

படிப்புக்கும் என்சிஏஏவிடம் தனிக் கணக்கு உண்டு. உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பருவத்திலும் படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் இன்னொரு புள்ளி. அணிக்குக் கிடைத்த புள்ளிகளை 1000க்குக் கணக்கிடுவார்கள். நான்காண்டுச் சராசரி 930க்குக் கீழே இறங்கினால் பட்டப் போட்டியில் ஆட முடியாது. இந்த முறை 2003க்குப் பின் வந்தது. அதற்கு வெகுமுன்பே இங்கே ஆடிய டாட் ரிச்சர்ட்சன் மருத்துவம் படித்து எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரானார். மருத்துவப் பயிற்சிக்கு நடுவே விடுப்பு எடுத்து 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடி, சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்துத் தங்கம் வெல்ல வழிசெய்தார்.

உதவித்தொகை விதியும் பின்னர் மாறியது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற என்சிஏஏ உடன்பாடு பழைய உச்சவரம்பை நீக்கியது. அதில் சேரும் பல்கலைக்கழகங்கள் அணியின் எல்லோருக்கும் முழு உதவித்தொகை தரலாம். ஆனால் அணியில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.