நசுங்குற கார்தான் நல்ல கார்! நேருக்கு நேர் மோதலில் உங்களைக் காப்பாற்றுவது எது?

வீட்டில் கார் வாங்கும் பேச்சை எடுத்தால், யாராவது ஒரு மாமா இதைச் சொல்லாமல் விடமாட்டார். "அந்தக் காலத்து வண்டியெல்லாம் இரும்புடா. மோதினா எதிர்ல வர்றவன்தான் காலி. இப்போ வர்றது பூரா தகர டப்பா. கைய வச்சாலே டொக்கு விழுது!"

மாமா சொல்வது தப்புன்னு 2009-லேயே அமெரிக்காவில் நிரூபித்துக் காட்டிவிட்டார்கள். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஐ.ஐ.ஹெச்.எஸ் என்ற அமைப்பு, தன் 50-வது ஆண்டையொட்டி இரண்டு செவர்லே கார்களை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று 1959-ம் வருட பெல் ஏர், இன்னொன்று 2009 மாலிபு. இரண்டுமே மணிக்கு சுமார் 64 கி.மீ வேகம். பெல் ஏருக்குள் இருந்த டிரைவர் பொம்மை, உள்ளே ஏறிவந்த ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நிஜ ஆளாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபு பொம்மைக்கோ, காலில் அடிபடலாம் என்ற அளவுதான் பாதிப்பு. வீடியோ யூடியூபில் இருக்கிறது, அடுத்த தடவை மாமாவுக்கு போட்டுக் காட்டுங்கள்.

இத்தனைக்கும் மாலிபுவின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. விஷயமே அதுதான். மோதலின் வேகத்தை யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பானெட் வாங்கிக்கொண்டால் உங்கள் நெஞ்சுக்கு வராது. மெர்சிடிஸ் இன்ஜினீயர் பேலா பரேனி, 1950-களின் தொடக்கத்திலேயே இந்த யோசனைக்கு காப்புரிமை வாங்கினார். முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் நசுங்கவே கூடாது. முன்பகுதிக்கு 'கிரம்பிள் ஸோன்' என்று பெயர்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 64 கி.மீ வேகத்தில் கார் மோதுகிறது. முன்பக்கம் 60 செ.மீ நசுங்கி நிற்கிறது. பெல்ட் போட்டிருந்தால், காரோடு சேர்ந்து நீங்களும் அந்த 60 செ.மீ தூரத்தில் நிற்கிறீர்கள். உங்கள் உடம்பின் மீது வரும் விசை, சராசரியாக உங்கள் எடையைப்போல 27 மடங்கு. பயங்கரம்தான், ஆனாலும் நெஞ்சிலும் இடுப்பெலும்பிலும் பரவலாக வாங்கினால் உடம்பு தாங்கும். பெல்ட் போடவில்லையா? கார் நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். அதே 64-ல் போய் டேஷ்போர்டில் ஐந்தாறு செ.மீ-க்குள் நிற்பீர்கள். அது 27 மடங்கு இல்லை, 300 மடங்குக்குப் பக்கம்.

"அதான் ஏர்பேக் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்பேக், பெல்ட் போட்ட ஆளுக்காக வடிவமைக்கப்பட்டது. கண் சிமிட்டுவதற்குள் வெடித்து விரிந்து, உடனே காற்று இறங்கவும் ஆரம்பித்துவிடும். அதற்குள் நீங்கள் முன்னால் பாய்ந்து வந்துவிட்டால் அதுவே முகத்தில் அறையும். டேஷ்போர்டில் கால் நீட்டிக்கொண்டு ரீல்ஸ் எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஆறு ஏர்பேக் என்று விளம்பரம் வந்தாலும், நேர் மோதலில் உங்களுக்கு வேலை செய்வது முன்னால் இருக்கும் இரண்டுதான். மற்றவை பக்கவாட்டு மோதலுக்கானவை.

பின் சீட்டுக்கும் இதே கணக்குதான். 2022 செப்டம்பரில் மும்பைக்கு அருகே பால்கரில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்த்ரி இறந்தார். விலை உயர்ந்த சொகுசு கார். பின் சீட்டில் இருந்த அவரும் இன்னொருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். இருவருமே இறந்தார்கள், முன் சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள். மடியில் குழந்தை இருந்தால் இன்னும் மோசம். 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 270 கிலோ கனக்கும். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடித்து வைக்க முடியாது. சைல்டு சீட் வாங்க யோசிப்பவர்கள் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் போடாமலே அலாரத்தை நிறுத்தும் கிளிப் ஒன்று ஆன்லைனில் அமோகமாக விற்றது. 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை விற்பனையிலிருந்து நீக்கச் சொன்னது. உங்கள் காரில் இருந்தால் இன்றைக்கே கழற்றித் தூரப் போடுங்கள். முன்னால் மாட்டும் புல் பாரும் அப்படித்தான். நசுங்க வேண்டிய இடத்தை நசுங்க விடாமல் அடியை நேரே சேஸிஸுக்குக் கடத்தும், ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இது சட்டவிரோதம் என்று சொல்லியாச்சு.

சரி, ஸ்டார் விஷயத்துக்கு வருவோம். 2014-ல் குளோபல் என்கேப் இந்தியாவின் ஐந்து பிரபல சின்ன கார்களைச் சோதித்தபோது ஐந்துமே பூஜ்ஜியம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கி அந்தக் கதையை மாற்றியது. 2023 அக்டோபர் முதல் நமக்கே நமக்கென்று பாரத் என்கேப் வந்துவிட்டது. 64 கி.மீ வேகத்தில், முன்பக்கத்தின் 40 சதவிகித அகலம் மட்டும் தடுப்பில் இடிக்கும். டிரைவர் பக்க மூலையில் வாங்கும் அடி. எதிரெதிரே வரும் கார்கள் பெரும்பாலும் முழுசாக மோதாமல் இப்படி ஓரமாக மோதிக்கொள்வதால்தான் இந்த முறை. குளோபல் என்கேப் ரிப்போர்ட் கிடைத்தால் ஸ்டாரோடு நிறுத்தாதீர்கள். பாடி ஷெல் 'ஸ்டேபிள்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 'அன்ஸ்டேபிள்' என்றால் கூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால், ஸ்டார் சொல்லாத ஒன்று இருக்கிறது. எடை.

நிறையப் பேர் 60-ல் வரும் இரண்டு கார்கள் மோதினால் 120-ல் சுவரில் மோதுவது மாதிரி என்று நினைக்கிறார்கள். ஒரே எடை உள்ள கார்கள் என்றால் அப்படி இல்லை. இரண்டும் 60-ல் சுவரில் மோதிய மாதிரிதான். ஒன்று 900 கிலோ, இன்னொன்று 1,800 கிலோ என்றால் கணக்கு மாறும். பெரிய காரின் வேகம் 40 கி.மீ மட்டுமே மாறும். சின்ன காருக்கு 80. அதனால்தான் சின்ன ஹேட்ச்பேக்கின் 5 ஸ்டாரும் பெரிய எஸ்யுவியின் 5 ஸ்டாரும் ஒன்றில்லை. ஒரே எடைக்காரர்களுக்குள் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதிரே வருவது 16 டன் பஸ், நீங்கள் ஒரு டன் கார், இரண்டும் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதிய பிறகு பஸ் 53-ல் போய்க்கொண்டே இருக்கும், உங்களையும் பின்னால் தள்ளிக்கொண்டு. உங்கள் உடம்புக்கு வேக மாற்றம் 113 கி.மீ. சோதனை நடந்தது 64-ல். எந்த ஸ்டாரும் அவ்வளவு தூரம் வராது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான்குவழிச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் இரண்டுவழிச் சாலையில்தான் "நம்மகிட்ட ஃபைவ் ஸ்டார் இருக்கு" என்ற தைரியம் வேலையைக் காட்டும். முன்னால் 60-ல் ஒரு லாரி. நீங்கள் 80-ல் ஓவர்டேக் பண்ணுகிறீர்கள். லாரியின் நீளம், முன்னும் பின்னும் இடைவெளி எல்லாம் சேர்த்து 45 மீட்டர் என்றால், முடிக்க 8 விநாடி ஆகும். எதிரே 80-ல் ஒரு வண்டி வந்தால், அந்த 8 விநாடியில் உங்கள் இருவருக்கும் நடுவே 350 மீட்டருக்கு மேல் கரைந்துபோகும். அவ்வளவு தூரம் காலியாகத் தெரிகிறதா? வளைவிலும் பாலத்து ஏற்றத்திலும் தெரியவே தெரியாது. லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டு 'போ' என்பதை நம்பி ஏறுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்படியும் எதிரில் ஒருவர் உங்கள் பக்கம் ஏறி வந்துவிட்டால்? முதலில் பிரேக், முழு அழுத்தத்தில். ஏபிஎஸ் இருக்கும் காரில் பெடல் அதிரும், காலை எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் அப்போதும் திரும்பும். 80-லிருந்து 50-க்கு இறக்கிவிட்டாலே உங்கள் காரின் மோதல் சக்தி 40 சதவிகிதத்துக்குக் கீழே வந்துவிடும். திருப்பினால் இடது பக்கம் மட்டும். மண்ணில் இறங்கினாலும், வேலியில் உரசினாலும் பரவாயில்லை. வலது பக்கம் ஒடிக்கவே கூடாது, ஏனென்றால் கடைசி நொடியில் எதிரில் வருபவரும் தன் பக்கத்துக்குத்தான் திரும்புவார்.